தெரியாது என்று சொல்ல ஒரு வக்கீல்

வக்கீல் ஃபௌஸ்தோவின் பல்லைப் பார்க்காதவர்கள் ஹூஸ்டன் நகரத்தில் கிடையாது. நெடுஞ்சாலை நெடுகிலும் விளம்பரப் பலகைகளில் நின்று இளிக்கிறான். "உங்களுக்காக நான் சண்டை போடுவேன்" என்று ஸ்பானிஷில் கொட்டை எழுத்து, கையில் குத்துச்சண்டைக் கையுறை வேறு. சண்டையாவது மண்ணாவது! அந்த மனிதன் கோர்ட் வாசலை மிதித்தே எத்தனையோ வருஷமாகிறது. அங்கே போய் நிற்பதற்கென்று கூலிக்கு ஆள் வைத்திருந்தான். அந்தக் கூலி ஆட்களில் முதல் ஆள் யாமிலெத் ஓச்சோவா.

யாமிலெத்தும் வக்கீல்தான். படித்து, பரீட்சை எழுதி, கையை உயர்த்திச் சத்தியம் செய்த வக்கீல். ஆனால் சொந்தக் கட்சிக்காரர் என்று ஒரு ஆள் கிடையாது. குடியேற்ற வழக்கு பார்க்கிற அலுவலகங்கள் காலையில் கூப்பிடும், இவள் போய் அவர்களுக்குப் பதிலாக ஆஜராவாள், அன்றைக்கான கூலியை வாங்கிக்கொள்வாள். ஃபௌஸ்தோ இவளையே விரும்பிக் கூப்பிட்டதற்குக் காரணம் இவளுடைய சட்ட அறிவு என்று நினைத்தால் உங்களைப்போல் அப்பாவி இல்லை. ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்பதில் இவளை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் இல்லை, அதுதான் காரணம்.

மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுவாள். வழக்குக் கட்டை அப்போதுதான் முதன்முதலாகப் பிரிப்பதுபோல் பிரிப்பாள். "மன்னிக்கணும், இந்தக் கட்டு இன்னிக்குக் காலையிலதான் என் கைக்கு வந்துச்சு" என்பாள். குரலில் அப்படி ஒரு பாவம்! விவரம் தெரியாத வக்கீலை வைத்துக்கொண்டு விசாரித்தால் அநியாயமாகிவிடும் என்று நீதிபதியும் வாய்தா கொடுத்துவிடுவார். இந்தக் கோர்ட்டில் வாய்தா என்றால் பத்து நாள், பதினைந்து நாள் இல்லை. இரண்டு வருஷம், மூன்று வருஷம். அத்தனை காலமும் கட்சிக்காரன் மாசாமாசம் ஃபௌஸ்தோவுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பான். வழக்கு முடிந்தால் தவணையும் முடிந்துவிடுமே, அப்புறம் அந்தப் பலகைகளுக்கு யார் வாடகை கொடுப்பது?

"கட்டைப் படிச்சுத் தொலைக்காத, தங்கம்" என்பான் ஃபௌஸ்தோ. "படிச்சா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். உனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதுதான் நம்ம முதலீடே."

யாமிலெத்துக்கு இவர்கள் யாரையும் கண்டால் ஆகாது. ஃபௌஸ்தோவைத் திருடன் என்பாள். நீதிபதிகளைத் தூங்குமூஞ்சிகள் என்பாள். பலகையைப் பார்த்து மயங்கி வருகிற கட்சிக்காரர்களை அசடுகள் என்பாள். இத்தனை பேரையும் திட்டித் தீர்ப்பதற்குள் பொழுது போய்விடும். தன்னைத் திட்டிக்கொள்ள மட்டும் நேரம் இருந்ததில்லை.

ஜனவரியில் ஒரு நாள் காலையில் ஃபௌஸ்தோவின் போன் வந்தது.

"டன்லெவி அம்மா கோர்ட்டுல ஒண்ணு. அடைக்கல கேஸு, இறுதி விசாரணை. அந்தம்மா இந்த மாசம் ஒரு பயலுக்கும் வாய்தா குடுக்கல. உன்னால மட்டும்தான் முடியும்."

"கட்சிக்காரன் யாரு?"

"ஓர்லின்னு ஒருத்தன். ஹொண்டுராஸ்காரன், கூரை வேயற ஆளு. அவன்கிட்ட வாயக் குடுக்காத. விட்டா பேசிக்கிட்டே இருப்பான்."

கோர்ட் அன்றைக்குப் பார்த்து மக்கர் செய்தது. கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன, மத்தியானத்துக்கு முன்னால் எதுவும் நடக்காது என்று காவலாளி வந்து சொல்லிவிட்டுப் போனான். நடைக்கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒரு மனிதன் எழுந்து வந்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட இஸ்திரிச் சட்டை, நகக்கண்ணில் தார்க் கறுப்பு, கையில் காகிதங்கள் திணித்த பை.

"வாங்க வக்கீலம்மா. முட்டி வலி இப்ப தேவலையா?"

யாமிலெத் திடுக்கிட்டாள். "என் முட்டி வலி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவை லிஃப்ட் ரிப்பேர்னு படியேறி வந்தீங்களே. முட்டி கழண்டு போச்சுன்னு சொன்னீங்க."

"போன தடவை நானா வந்தேன்?"

"அதுக்கு முந்தின தடவையும் நீங்கதான்." அவன் குறையாகச் சொல்லவில்லை. மறந்த உறவுக்காரரிடம் அடையாளம் சொல்வதுபோல் சொன்னான். "ரெண்டு தடவையும் தேதி தள்ளிப்போச்சு. மொதல் தடவை என் பொண்ணு தில்சியாவுக்கு ஒம்பது வயசு. இப்ப பதினாலு. இன்னிக்கு எப்படியாவது முடிச்சுக் குடுத்துடுங்க, வக்கீலம்மா."

அவள் அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இரண்டு முறை பக்கத்தில் நின்று, இரண்டு முறை இவனுடைய காலத்தைப் பிடுங்கி ஃபௌஸ்தோவிடம் கொடுத்திருக்கிறாள், மூஞ்சி ஞாபகமில்லை! கண்றாவி. வாயைக் கொடுக்காதே என்று ஃபௌஸ்தோ சொன்னது ஞாபகம் இருந்தது. அதனாலேயே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றாள்.

ஓர்லின் சொன்னான். ஊரில் அவனும் தம்பி வில்மரும் ஆட்டோ ஓட்டினார்கள். ரவுடிக் கும்பலுக்கு மாமூல் தர மாட்டேன் என்று வில்மர் சொன்னான், ஸ்டாண்டிலேயே வைத்துச் சுட்டார்கள். சுட்டவன் யார் என்று அரசு வக்கீல் முன்னால் கையை நீட்டிக் காட்டியவன் ஓர்லின். அன்றிரவே ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. மனைவி முன்பே இறந்து போயிருந்தாள். மகளைத் தங்கையிடம் விட்டு வந்தான்.

"இப்ப அந்தக் கும்பல்ல ஒருத்தன் தில்சியாவுக்குப் போன் வாங்கிக் குடுத்திருக்கான்" என்றான். "வேண்டாம்னு திருப்பிக் குடுத்தா வீட்டுல பொணம் விழும். வாங்கிக்கிட்டா அவ அவனோடவ. இன்னும் கையத் தொடல. பதினஞ்சாவது பொறந்தநாள் வரட்டும்னு சொல்லியிருக்கானாம். மார்ச்சு மாசம் வருது."

"ஜெயிச்சாலும் அவ இங்க வர்றதுக்கு ஒரு வருஷம் ஆகுமே."

"தெரியும். இன்னிக்கு ஜெயிச்சிட்டா என் தங்கச்சி அவளக் கூட்டிக்கிட்டு குவாத்தமாலா போயிடுவா. ஒரு வருஷம்னா எங்கயாவது பதுங்கிக்கலாம், நான் ராப்பகலா உழைச்சு அனுப்பிடுவேன். இன்னும் மூணு வருஷம்னா எங்க போய் ஒளியறது, சொல்லுங்க?"

யாமிலெத் பையை வாங்கினாள். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டாள். வாக்குமூலத்தின் நகல், சாவுச் சான்றிதழ், பாதிரியாரின் கடிதம், ஊர்ப் பத்திரிகைத் துண்டு. எல்லாம் இருந்தது. ஃபௌஸ்தோ அலுவலகம் செய்ததெல்லாம் அட்டை போட்டது மட்டும்தான். நல்ல வழக்கு. அட, இவ்வளவு நல்ல வழக்கையா இழுத்தடித்தார்கள்! ஒருகாலத்தில் அவளுக்கு இந்த வேலை நன்றாகவே தெரியும், அது இன்னும் அடியோடு துருப்பிடித்துவிடவில்லை. மூன்று மணி நேரம் கேட்டாள், குறித்தாள், அவனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். அரசுத் தரப்பு எங்கே மடக்கும் என்று அவளே மடக்கிப் பார்த்தாள். அவன் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

ஃபௌஸ்தோ கூப்பிட்டான். "வாய்தா வாங்கியாச்சா?"

"இல்ல. கேஸை நடத்தப் போறேன்."

"என்னத்த நடத்தப் போறே? கல்யாணமா? கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு! தோத்தாலும் அவன் போயிடுவான், ஜெயிச்சாலும் போயிடுவான். ரெண்டுலயும் எனக்கு என்ன கெடைக்கப்போகுது?"

"உன் பல்லு அத்தனையும் கொட்டிப் போகும்" என்று சொல்லிப் போனை அணைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஓர்லின் காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அரசுத் தரப்பில் ஒரு சின்னப் பையன் வக்கீல், கட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தான். டன்லெவி அம்மா கறுப்பு அங்கிக்கு மேல் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வாங்க, மிஸ் ஓச்சோவா. சொல்லுங்க, கேப்போம். கட்டு இன்னிக்குக் காலையிலதான் கைக்கு வந்துச்சா?"

சின்ன வக்கீல் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான்.

"காலையிலதான் வந்துச்சு. ஆனா படிச்சிட்டேங்க. விசாரணைக்குத் தயார்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "தயாரா? நீங்களா?"

"ஆமாங்க. சாட்சி பக்கத்துலயே இருக்கார். வாக்குமூலம் பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு, அதை உறுதிப்படுத்தற பத்திரிகைச் செய்தி—"

"பக்க நம்பர் சொல்லிட்டா தயார்னு ஆயிடுமா?" டன்லெவி அம்மாவின் குரல் உயரவில்லை. "போன மாசம் இதே எடத்துல நின்னு உங்க கட்சிக்காரர் பேரையே தப்பாச் சொன்னீங்க. பக்கத்துல நின்ன அவரே திருத்தினார். இத்தனை வருஷமா எனக்கு ஒண்ணும் தெரியாது, ஒண்ணும் தெரியாதுன்னு எங்கிட்ட சொன்னீங்க. நானும் நம்பினேன். இன்னிக்குத் திடீர்னு தெரியும்னா நான் எப்படி நம்பறது?"

"என்னைக் கேள்வி கேட்டுப் பாருங்க. கேஸைப் பத்தி எது வேணும்னாலும் கேளுங்க."

"பரீட்சை வைக்கறதுக்கு இது பள்ளிக்கூடம் இல்ல. நான் இன்னிக்கு விசாரிச்சு இவருக்கு எதிராத் தீர்ப்பு சொன்னா, மேல் மன்றம் என்ன எழுதும்? இந்தம்மாவை நம்பியா விசாரிச்சீங்கன்னு என் தலையிலதான் எழுதும். இது ஒரு மனுஷனோட உயிர் விஷயம். இன்னிக்குக் காலையில புரட்டின கட்டோட உங்க கையில அதை விட முடியாது. அவருக்கு ஒழுங்கான வக்கீல் வரட்டும். நானே வாய்தா குடுக்கறேன்."

"ஆட்சேபணை இல்லை" என்றான் சின்ன வக்கீல். தலையைக்கூடத் தூக்கவில்லை.

யாமிலெத் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு வாய்தா வேண்டாம். இவரோட மகள் அங்க ஆபத்துல இருக்கா. பொய் சொல்லலீங்க, ஒரு பத்து நிமிஷம் என்னைப் பேச விடுங்க—"

"இந்தக் குரலும் நான் கேட்ட குரல்தான்" என்றார் டன்லெவி அம்மா.

காதுக் கருவியில் எல்லாம் ஸ்பானிஷில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர்லின் எழுந்து நின்றான். "அம்மா, நான் இன்னிக்கே பேசறேன். வக்கீல் இல்லாட்டிப் பரவாயில்ல. நானே பேசறேன்."

"உட்காருங்க. உங்க நல்லதுக்குத்தான் செய்யறேன்" என்றார் நீதிபதி, உண்மையிலேயே கனிவாக. அவருக்குத் தன்னைப் பற்றி அன்றைக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. எழுத்தர் கம்ப்யூட்டரைத் தட்டி, இருப்பதிலேயே சீக்கிரமான தேதியை வாசித்தார். மூன்று வருஷம் கழித்து ஏப்ரல் மாதம். கொஞ்சம் முன்னால் ஏதாவது கிடைக்குமா என்று யாமிலெத் கெஞ்சினாள். எழுத்தர் அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்.

நடைக்கூடத்துக்கு வந்து போனை உயிர்ப்பித்ததுமே அடித்தது. தேதி அதற்குள் ஃபௌஸ்தோவின் திரையில் ஏறிவிட்டிருந்தது.

"தங்கமே! கெட்டிக்காரி! கேஸை நடத்தறேன்னு சொல்லியே வாய்தா வாங்கிட்டியே? எனக்கே தோணலயே இந்த வித்தை! சும்மா வெளாட்டுக்குத்தான் திட்டினேன்னு சொல்லிடு, நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. வியாழக்கிழமை இன்னொண்ணு இருக்கு."

அவளுக்கு வசவு வாய்வரை வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? இத்தனை நாள் திருடன், தூங்குமூஞ்சி, அசடு என்று ஆளாளுக்குப் பெயர் வைத்தாளே, அந்த நடைக்கூடத்தில் அப்போது அவளைவிடக் கேவலமான பிறவி ஒன்று இருந்ததாக அவளுக்கே தெரியவில்லை. போனை அணைத்தாள்.

ஓர்லின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். பாதிரியாரின் கடிதம் இரண்டு முறை நழுவியது. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"ஓர்லின், நான் சொல்றதக் கேளுங்க. ஃபௌஸ்தோவை விட்டுடுங்க. உங்க கேஸை இனிமே நானே சொந்தமா எடுத்து நடத்தறேன். காசே வேண்டாம். தேதியை முன்னாடி கொண்டுவரச் சொல்லி நாளைக்கே மனுப் போடறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் முகத்தில் மரியாதைதான் இருந்தது.

"நீங்க இன்னிக்கு நல்லாத்தான் பேசினீங்க, வக்கீலம்மா. என் தம்பி செத்த கதைய எங்க ஊர்ல யாரும் இவ்வளவு பொறுமையாக் கேட்டதில்ல. ஆனா அந்தம்மா உங்கள நம்பலயே. நாளைக்கு நீங்க போடற மனுவ மட்டும் நம்பிடுவாங்களா?"

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல." பையின் வாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "நீங்க ஒரு உதவி மட்டும் செய்யுங்க. அடுத்த தடவை வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க. ஒண்ணுமே தெரியாத ஆளா இருந்தாலும் பரவாயில்ல. நீங்க மட்டும் வர வேண்டாம்."

தலையசைத்து விடைபெற்றுக்கொண்டு லிஃப்ட் இருந்த பக்கம் நடந்தான்.