முந்தி உதறும் நேரம்

வசதி வந்த பிறகும் சிலர் ஏன் வேலையை விட மாட்டேன் என்கிறார்கள் என்று போடிக் கடைவீதியில் பேச்சு வந்தால், முதலில் மாயக்காள் பேரைத்தான் இழுப்பார்கள். மலைமேல் ஏலத்தோட்டம், கீழே சொந்த ஏலக்காய்க் கடை, மாடி வீடு, வாசலில் கறுப்பு அம்பாசடர். இத்தனையும் இருக்க, எழுபதைத் தொடப்போகிற கிழவி தினமும் கூலிக்காரப் பெண்களோடு தரையில் சம்மணம் போட்டு, சுளகை முன்னால் வைத்துக்கொண்டு காய் பொறுக்குகிறாள் என்றால் ஊர் வாயை மூடிக்கொண்டா இருக்கும்?

"ஒரு ஆள் கூலிய மிச்சம் பிடிக்கிறா, கஞ்சப் பிசினாறி" என்பார் எதிர்க்கடை சங்கரலிங்கம். "உழைச்ச உடம்பு, உக்காருன்னா உக்காருமா?" என்பார்கள் இரக்கப்பட்டவர்கள். இரண்டும் பொய். கூலி மிச்சம் பிடிக்கிற நிலையிலா அவள் இருந்தாள்? உழைப்பின் மேல் ஆசையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அவள் எதற்குப் போனாள் என்று தெரிய வேண்டுமானால், முந்தின வருசம் விஷக்காய்ச்சல் வந்து அவள் வீட்டில் கிடந்த கதையைச் சொல்ல வேண்டும்.

மருமகள் ராமுத்தாய் தேவாரத்துப் பெண். தங்கமான குணம். அதுதான் வந்த வினை. வாயாடியாக இருந்திருந்தால் மாயக்காள் சண்டை போட்டாவது பொழுதைப் போக்கியிருப்பாள். ராமுத்தாயோ வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தாள், கால் அமுக்கிவிட்டாள், கிழவி எதைத் தொடப் போனாலும் "நீங்க சும்மா இருங்க அத்தை" என்றாள். வெங்காயம் உரிக்கப் போனால் சும்மா இருங்க. பால்காரனைத் திட்டப் போனால் சும்மா இருங்க. பார்க்க வந்தவர்கள் மாயக்காளுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "பெரியவுக எப்படி இருக்காக?" என்று ராமுத்தாயிடம் கேட்டார்கள். "இருக்காக" என்றாள் ராமுத்தாய். அம்மாடி! அந்த ஒரு சொல்லில் மாயக்காளுக்குக் குலை நடுங்கிவிட்டது. செத்தவளைப் பற்றிக்கூட ஊரில் இதைவிடக் கூடுதலாகப் பேசுவார்கள்.

காய்ச்சல் விட்ட மறுவாரமே கடைக்கு ஓடி வந்துவிட்டாள். இங்கே அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் நாற்பது பெண்களின் பேச்சு நின்றது. யாராவது ஒருத்தியின் சுளகிலிருந்து ஒரு பிடி காயை அள்ளி, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். பச்சைக்காயோடு வெளிறின காய் ஒன்று கலந்திருந்தால் போதும். "ஏடி, கண்ணு எங்கன இருக்கு, புருசன் வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று ஆரம்பித்து, அவள் அழுகிற வரை விடமாட்டாள். ஒருத்தி அழுதுவிட்டால் அன்றைக்கு மாயக்காளுக்கு மத்தியானச் சோறு நன்றாக இறங்கும். இதற்குத்தான் அவள் வேலைக்கு வந்தாள். வேறு காரணம் ஒன்றுமில்லை.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் வாசலில் ஒரு வெள்ளை வேட்டியை விரிப்பார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக அதில் ஏறி நின்று, முந்தியை உதறி, இடுப்பு மடியைத் தளர்த்தி, கொண்டையைக் குலைத்துக் காட்டிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். வெள்ளையில் பச்சைக்காய் விழுந்தால் மறைக்க முடியாது. விழுந்தால் அத்தோடு சரி, போடியில் எந்தக் கடையும் அவளைச் சேர்க்காது. இந்தக் கேவலத்தை யாரும் முணுமுணுக்கக் கூடாது என்பதற்காக, தினமும் முதல் ஆளாக வேட்டியில் ஏறி மாயக்காளே முந்தியை உதறுவாள். மொதலாளியம்மாவே உதறும்போது நமக்கென்ன என்று பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். ஊரில் இதைப் பெருந்தன்மை என்று சொன்னார்கள். பெருந்தன்மையாம்!

அந்த வேட்டியை விரிப்பதும் மடிப்பதும் பூமாரியின் வேலை. அவள் கருத்தம்மாளின் மகள்.

மாயக்காளும் கருத்தம்மாளும் குமரிகளாக இருந்த காலத்தில், வேறொருவர் கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கினவர்கள். அப்போது வேட்டியும் இல்லை, சோதனையும் இல்லை. பசித்தபோது இரண்டு பேரும் நல்ல காயாகப் பார்த்து இடுப்பு மடியில் செருகிக்கொண்டு போய் டீக்கடையில் கொடுத்துப் பலகாரம் வாங்கித் தின்றார்கள். பிறகு மாயக்காளின் புருசனுக்கு வியாபாரம் கைகூடி வந்தது. கருத்தம்மாளின் புருசன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். சொந்தக் கடை போட்டதும் மாயக்காள் சிநேகிதியைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கடையில் எல்லோருக்கும் அவள் பெரியாத்தா. கருத்தம்மாளுக்கு மட்டும் மதினி.

வயது ஏற ஏற மாயக்காளின் வலது கை அவள் பேச்சைக் கேட்காமல் போனது. நல்ல காயாக ஒன்று விரலில் பட்டால், அது சுளகுக்குப் போகாமல் நேராக மடிக்குப் போனது. அதே பழைய திருட்டுக் கை. சொந்தக் கடையில் சொந்தக் காயையே திருடிக்கொண்டிருந்தாள், அவளுக்கே தெரியாது. கருத்தம்மாள் பார்த்துவிட்டாள். வேட்டி விரிக்கிற நேரத்துக்கு முன்னால், ஏதோ பேச்சுக் கொடுத்தபடி மாயக்காளின் மடியில் கையை விட்டு, காய்களை எடுத்துச் சுளகில் போட்டுவிடுவாள். முதல் தடவை மாயக்காள் திடுக்கிட்டுப் போனாள்.

"நம்ம பழைய கைதான் மதினி. வேற ஒண்ணுமில்ல" என்று கருத்தம்மாள் காதோடு சொல்லிச் சிரித்தாள்.

மாயக்காளுக்கு நன்றி சுரந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? வயிறு எரிந்தது. தன் கை தன் வசத்தில் இல்லை என்று தெரிந்த ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளே! ஆனாலும் தினமும் சாயங்காலம் அவள் கை வருகிறதா என்று காத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள், கோட்டயத்திலிருந்து வந்த வியாபாரியை, செத்துப்போன அவன் அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். மகன் ராஜமணி வீட்டுக்குப் போகும் வழியில் காரில் வைத்துச் சொன்னான்.

"ஆத்தா, இனி ஒரு தடவ கடையில எதையாச்சும் தப்பாச் செஞ்சேன்னா, அத்தோட கடைய மறந்துரு. வீட்டுல உனக்கு என்ன குறை? ராமுத்தாயி உன்னையத் தாங்குறா. நீ சும்மா இரு."

பிள்ளை அன்பாகத்தான் சொன்னான். மாயக்காளுக்குக் கயிற்றைக் கழுத்தில் போட்ட மாதிரி இருந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மலைப்பக்கம் கருக்கலிட்டுக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் பெண்கள் வீடு போய்ச் சேரட்டும் என்று ராஜமணி நேரத்தோடு வேலையை முடிக்கச் சொன்னான். கருத்தம்மாள் பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பூமாரி வேட்டியை விரித்தாள். மாயக்காள் வழக்கம்போல் முதலில் ஏறி முந்தியை உதறினாள். ஒரு பிடிக்குக் குறையாத பச்சைக்காய் பொலபொலவென்று வேட்டியில் கொட்டியது.

காவல்காரன் மொக்கைச்சாமி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ராஜமணி மேசையை விட்டு எழுந்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் மாயக்காள் தாங்கியிருப்பாள். பரிதாபம் இருந்தது. ராமுத்தாய் சொன்ன "இருக்காக" அவள் காதில் கேட்டது.

"ஏடி கருத்தம்மா!" என்று கத்தினாள். "வாடி இங்கன! கூடப் பொறுக்கினவ மொதலாளி ஆயிட்டாளேன்னு உனக்கு இத்தன பொறாமையா? என் மடியில காயப் போட்டு என்னையத் திருடியாக்கப் பாக்குறியா?" பெண்கள் பக்கம் திரும்பினாள். "இவ கை என் மடிக்குப் போயிட்டுப் போயிட்டு வாறத நீங்க யாரும் பாத்ததில்லையா? வாயத் தொறந்து சொல்லுங்கடி! ஏலே மொக்கைச்சாமி, நீ பாத்தியா இல்லையா?"

"பாத்திருக்கேன் பெரியாத்தா" என்றான் மொக்கைச்சாமி. அவன் பொய் சொல்லவில்லை. எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள்.

கருத்தம்மாள் ஈரக்கையோடு வந்து நின்றாள். வேட்டியைப் பார்த்தாள், மாயக்காளைப் பார்த்தாள். பழைய கதையை இவள் இப்போது அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள் மாயக்காள். கருத்தம்மாள் அவிழ்த்தது தன் கொண்டையை. வேட்டியில் ஏறி, நரைமுடியைக் குலைத்து, முந்தியை உதறிக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"ஆமா மதினி, என் கைதான் வந்து போச்சு. இனி உன் கைய நீயே பாத்துக்க" என்றாள்.

அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில் இறங்கிப் போய்விட்டாள். வேட்டியின் ஓரத்தில் குத்தவைத்திருந்த பூமாரி, சிதறிய காய்களைப் பொறுக்கிச் சுளகில் போட்டாள். அவள் தலை நிமிரவே இல்லை.

அன்று மாயக்காள் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். வெட்கமா? கொஞ்சமும் கிடையாது. மறுநாள் பூமாரி வேலைக்கு வந்ததைப் பார்த்தபோது இன்னும் மனசு குளிர்ந்துபோனாள். பூமாரியின் புருசன் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து கால் போனவன். கோபத்தை வைத்து உலை கொதிக்க வைக்க முடியுமா? வரத்தானே வேண்டும்.

ஆனால் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது.

"ஏடி பொன்னாத்தா, இங்கன வந்து உக்காரு" என்று அடுத்த சுளகுக்காரியைக் கூப்பிட்டாள் மாயக்காள்.

"வேணாம் பெரியாத்தா" என்றாள் பொன்னாத்தாள், ரொம்ப மரியாதையாக. "நாளைக்கு என் கையும் உங்க மடியில இருந்துச்சுன்னு யாராச்சும் பாத்துட்டா என் பொழப்பு என்னாகுறது?"

மற்றவர்களும் சுளகை இழுத்துக்கொண்டு ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மாயக்காளைச் சுற்றிச் சிமெண்டுத் தரை வெறுமையாகக் கிடந்தது. அன்றிலிருந்து அவள் நாளெல்லாம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருட்டு மாட்டைக் கட்டிக் காக்கிற மாதிரி காத்தாள். யாரையும் திட்டவில்லை, யார் சுளகையும் பார்க்கவில்லை. சீ, இதற்கா வேலைக்கு வருவது என்று அலுத்துப்போனது. ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் முந்தியை உதறியபோது ஒன்றும் விழவில்லை.

எத்தனை நாளைக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? ஒரு மத்தியானம் பொன்னாத்தாளின் சுளகில் வெளிறின காய் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. மாயக்காளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காயில் ஆரம்பித்து, பொன்னாத்தாளின் பிறந்த வீடு, வளர்ப்பு, கல்யாணமாகி இத்தனை வருசமாகியும் நிறையாத வயிறு என்று ஒன்றையும் விடவில்லை. பொன்னாத்தாள் முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். மாயக்காள் திருப்தியாகச் சுளகை இழுத்து வைத்துப் பொறுக்கத் தொடங்கினாள். அந்தச் சந்தோசத்தில் கையை மறந்துபோனாள்.

சாயங்காலம் வேட்டியில் ஏறி முந்தியை உதறினாள். ஒரே ஒரு காய் விழுந்தது. சட்டென்று அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டாள்.

ஓரத்தில் குத்தவைத்திருந்த பூமாரி பார்த்துவிட்டாள்.

"இறங்குங்க பெரியாத்தா. மத்தவுக உதறணும்."

"இருடி."

பெண்கள் வரிசையாக நின்றார்கள். மாயக்காளின் கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு யாரையோ தேடியது. அங்கே யாரும் இல்லை. ராஜமணி மேசையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"என்னாத்தா?"

"காலு மரத்துப்போச்சு. நீ உன் வேலையப் பாரு."

பூமாரி இரண்டு கையாலும் அவள் கணுக்காலைப் பிடித்தாள். சின்னப் பிள்ளைக்குக் கொலுசு போடுகிறவள் மாதிரி அத்தனை பதமாகப் பாதத்தைத் தூக்கி நகர்த்தி வைத்தாள். காய் நசுங்கி, வேட்டியில் கறுப்பு விதைகள் சிதறிக் கிடந்தன. பூமாரி அதை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"எங்காத்தாதான் இப்ப வாறதில்லையே பெரியாத்தா. இது யாரு கை?"

முதலில் சிரித்தது பொன்னாத்தாள். கண் வீக்கம்கூட இன்னும் வடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராஜமணி யாரையும் அதட்டவில்லை. வந்து ஆத்தாளின் முந்தியைத் தோளில் எடுத்துப் போட்டு, கையைப் பிடித்தான்.

"விடுலே! நான் மொதலாளிடா! இது என் கடைடா!"

"ஆமாத்தா, நீதான் மொதலாளி. யாரு இல்லன்னா? வா, வீட்டுக்குப் போவோம். இனிமே நீ சும்மா இருந்தாப் போதும்."

அவளைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினான். அவள் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள். பூமாரி வேட்டியை உதறி மறுபடி விரித்துவிட்டிருந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறி, ஒருத்தியோடு ஒருத்தி சத்தமாகப் பேசிக்கொண்டே முந்தியை உதறினார்கள். மாயக்காள் காதுபட அந்தக் கடையில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.