மேல்படுக்கைக்காரி

1.

“கத்துக்குடுக்க எனக்குப் பொம்பளை டிரைவர்தான் வேணும். பேரோட எழுதிக் குடுங்க.”

இதை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே என்று அவளிடம் சொன்னவள் நான். எங்கள் லாரிக் கம்பெனியில் நேர்காணலுக்கு உள்ளே போவதற்கு இரண்டு நிமிடம் முன்னால், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வைத்துச் சொன்னேன். கேட்டவர்களின் விண்ணப்பம் அடுக்கின் அடியில் போகும். அடியில் வைப்பதும் நான்தான். நன்றாகத் தலையாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சே அதுதான்.

அன்று சாயங்காலம் அவளுடைய கோப்பில் நான் தட்டச்சு செய்த சொல்: ‘வரவில்லை’. அப்படித்தான் போடச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நான். பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன்.

அவள் வந்தாள். அந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான் இந்தக் கதை. வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

2.

தொடக்கத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

நெப்ராஸ்கா மாநிலத்து நார்த் பிளாட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கண்நிறையக் கனவுகளோடு ஓர் இளம்பெ—

பொய். மே மாதம். பனி இல்லை, காற்று. நெப்ராஸ்காவைப் பற்றி எழுதிவிட்டுக் காற்றைச் சொல்லாமல் விட்டால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவள் கண்ணில் இருந்தது கனவல்ல, தூசி.

மார்னி வாவ்ரா, வயது இருபத்துமூன்று, லாரி ஓட்டக் கற்க இரண்டு வழிகளுக்கு நடுவே நின்று—

இது விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் இதுதான், நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி கையில் காசு வாங்காமல் கற்றுத்தரும், உரிமமும் எடுத்துத்தரும். பதிலுக்கு ஒரு வருடம் எங்களுக்கே ஓட்ட வேண்டும். அதில் முதல் ஆறு வாரம் பயிற்சியாளரோடு ஒரே லாரியில் ஓட்டி, ஒரே லாரியில் தூங்க வேண்டும். அவருக்குக் கீழ்ப்படுக்கை, கற்பவளுக்கு மேல்படுக்கை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியும் இருக்கிறது. அங்கே நாலு வாரம், காசு நாம்தான் கட்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்து நம் கட்டிலில் படுக்கலாம்.

[அங்கே படித்தாலும் முதல் வேலையில் ஒரு பயிற்சியாளரோடு சில வாரம் போகத்தான் வேண்டும். இதை மறைத்தால் கதை இன்னும் எடுப்பாக இருக்கும். மறைக்கமாட்டேன்.]

3.

மேல்படுக்கை மார்னிக்குப் புதிதல்ல. அவளுடைய அம்மா ஆர்டெல் பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் மகளைத் தூக்கி மேலே போட்டு, விழாமலிருக்க வலையை மாட்டிவிடுவாள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மார்னிக்கு வீடு அந்தப் பலகைதான். கூரை மூக்கிலிருந்து ஒரு முழம். அதில் கடந்துபோன மாநிலத்துக்கு ஒன்றாக ஒட்டுப்படங்கள். மழை வந்தால் தகரத்தில் சோளத்தைக் கொட்டுகிற சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். கீழே அம்மா வானொலியோடு சேர்ந்து, சுருதியைப் பற்றிக் கவலையில்லாமல் பாடுவாள். மதியத்துக்குக் குடுவையிலிருந்து சில்லி என்ற காரமான கறிக்குழம்பு, அதில் தொட்டுத் தின்ன இனிப்பான சின்னமன் ரோல். [வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.]

அந்த வண்டிக்கென்று ஒரு சட்டம் இருந்தது. மேலேயிருந்து ‘நிறுத்து’ என்று குரல் வந்தால், ஆர்டெல் அடுத்த திருப்பத்திலேயே நெடுஞ்சாலையைவிட்டு இறங்கி நிறுத்துவாள். ஏன் என்று நின்ற பிறகுதான் கேட்பாள்.

ஒன்பது வயதில் ஒருநாள் மார்னி நிறுத்தச் சொன்னாள். பின்னால் லாரி நிறைய உருளைக்கிழங்கு.

“என்னடி, வாந்தி வருதா?”

“இல்லம்மா.”

“ஒண்ணுக்கா?”

“இல்ல. நிப்பியான்னு பார்த்தேன்.”

ஆர்டெல் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். “எலிக்குட்டி! பின்னாடி உருளைக்கிழங்கெல்லாம் உன்னைத் திட்டுது, கேக்குதா? சரி, நின்னாச்சு. எறங்கிக் காலை நீட்டு.”

[இதைத் தண்ணீர்க்குழாய் அருகே மார்னி என்னிடம் சொன்னாள். உருளைக்கிழங்கு மட்டும் நான் ஏற்றியது.]

4.

ஆர்டெல் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கதைக்கு வசதியாக அவள் கம்பெனியை எதிர்த்திருக்க வேண்டும். எதிர்க்கவில்லை.

“கம்பெனிக்கே போ. நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன்,” என்றிருக்கிறாள்.

“உன் பயிற்சியாளர் எப்படிம்மா?”

“கொறட்டை விடுவான்.”

அவ்வளவுதான். பேச்சு கோழித் தீவனத்துக்குப் போய்விட்டது. அந்தக் குறட்டைக்குப் பின்னால் ஏதாவது இருந்ததா என்று மார்னிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஒரு காட்சி எழுதலாம், நீங்களும் கண் கலங்கலாம். ஆர்டெல் சொல்லாததைச் சொல்ல நான் யார்?

5.

ஆளெடுக்கும் வெர்லின் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குத் தலைவலி. வில்லனாக எழுதிப் பார்த்தேன், மீசை ஒட்டவில்லை.

“அம்மாடி, பொம்பளைப் பயிற்சியாளர் மூணே பேரு. கேக்கிறவங்க நாப்பது பேரு. ஆம்பளைன்னா திங்கக்கெழமையே வண்டி ஏறலாம்.”

“காத்திருக்கேன்.”

“எங்காளுங்க பேரப்புள்ளை எடுத்தவங்கம்மா. தங்கமான மனுஷங்க.”

“தங்கத்தை லாக்கர்ல வைங்க. என் படுக்கைக்குக் கீழ எதுக்கு?”

பக்கத்து மேசையில் நான் சிரிப்பை அடக்க இருமினேன். வெர்லின் வெளிப்படையாகவே சிரித்துவிட்டார். சிரித்த கையோடு தொலைபேசியை எடுத்து மூன்று இடத்துக்குப் பேசினார். “அதிர்ஷ்டக்காரி நீ. ஒமாஹாவுல ட்ரூடின்னு ஒருத்தி. திங்கக்கெழமை வர்றா. பேரோடவே எழுதித் தர்றேன், போதுமா?”

ஒழுங்கான கதை இங்கே முடிந்திருக்கும். கேட்டது கிடைத்துவிட்டது. ஒப்பந்தத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தியதும் நான்தான்.

மார்னி எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

“மூணாவது வாரம் வயோமிங்ல வண்டியை நிறுத்தச் சொல்லி எறங்கிட்டேன்னா?”

“ஏன் எறங்கணும்?”

“ஏன்னு கேக்காம சொல்லுங்க.”

வெர்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பயிற்சிச் செலவு முழுசும் உன் தலையில விழும். ஒரு வருஷம் வேற கம்பெனி உன்னைத் தொடாது. பேசிப் பார்க்கலாம்தான். ஆனா காரணம் சரியா இருக்கான்னு முதல்ல பார்ப்பாங்க.”

“ட்ரூடியா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும்.”

6.

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறாள். ட்ரூடி உண்மையிலேயே தங்கம். நடக்கக்கூடியதுதான், அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன்.

முடிவு ஆ: தனியார் பள்ளிக்குக் காசு சேர்க்க லாரிகள் நிற்கும் இடத்தில் காப்பி ஊற்றுகிறாள், குளிர்காலம் வந்துவிடுகிறது, அப்புறம்—

முடிவு இ: பக்கத்து மேசையில் இருந்த படித்த பெண் கொதித்தெழுந்து விசைப்பலகையைத் தூக்கி எ—

அவள் எழவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நாலாவது ஒன்றை நீங்களே எழுதுங்கள். உரிமம் கிடைத்ததா, எந்த வண்டி, எந்த ஊர், அதெல்லாம் உங்கள் பாடு. நான் பார்த்தது இதோடு சரி:

மார்னி பேனாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

“எங்கேம்மா கிளம்பிட்டே?” என்றார் வெர்லின்.

“லாரி ஓட்டுற பள்ளிக்கூடத்துக்கு. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க.”

என் மேசை அருகே ஒரு நொடி நின்றாள். “நீங்க கேக்காதேன்னு சொன்னது சரிதாங்க. நான் தப்பானதைக் கேட்டுட்டேன். நிறுத்தச் சொன்னா நிப்பாங்களான்னுதான் கேட்டிருக்கணும்.”

காற்று கதவைப் பிடுங்கிச் சுவரில் அடித்தது. அதைச் சாத்த அவள் திரும்பவில்லை.