கரைய மறுத்த சாரம்

தொண்ணூற்றாறாம் வருடம் ஆனி மாதத்தில், பெருமாள்புரத்தில் பேராசிரியர் முத்துசுப்பிரமணியன் கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டின் மூங்கில் சாரம் குளிர்காற்று பட்டதும் கரைந்துபோயிற்று. வெயில் ஏறியதும் மூங்கில்கள் தரையிலிருந்து தாமாக முளைத்துப் பழைய உயரத்துக்கு வந்தன. குற்றாலத்தில் சீசன் என்பதால் சாரல் காற்றும் வெயிலும் மாறி மாறி வர, ஒரே நாளில் பலமுறை இப்படி நடந்தது. "ஏலே, இப்பதானலே ஏறி நின்னேன், சாரம் எங்கலே?" என்று மணல் குவியலில் விழுந்து கிடந்தபடி கேட்ட கொத்தனார் கருத்தையா, அன்றே வள்ளியூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

மேலப்பாளையத்தில் கறிக்கடை வைத்திருந்த ஆபிதா பீவி இதைச் சொன்னபோது, இப்போது அங்கே வேலை பார்க்கும் சந்தனமாரிக்கு வியப்பு வரவில்லை. நெடுநாள் பட்டினி கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் சோற்றைக் கண்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஒங்க சாரு பைத்தியமா அலையுதாராம். நீ ஏம்ட்டி சிரிக்க?"

சந்தனமாரி ஆழ்வார்குறிச்சியில் வயல் வேலை செய்யும் வீட்டுப் பெண். அந்தப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவள். அப்போதெல்லாம் விடியற்காலையில் இதே கடையில் ஆட்டு மூளை வாங்கி, ஐஸில் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோவாள். உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் உள்ளிருந்து தாங்குபவை மூங்கிலைப் போல உள்ளீடற்ற நுண்குழல்கள். சூட்டில் வளரும், குளிரில் கரையும். கரையாமல் அவற்றைப் பிடித்து நிறுத்தும் புரதத்தை ஆட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்தவள் அவள்தான். கட்டுரை வந்தபோது பேராசிரியர் பெயரும் அவர் மருமகன் குருபிரசாத் பெயரும் மட்டுமே இருந்தன. அந்தப் பிடி அளவோடு இருக்கவேண்டும், தளரத் தெரியாத குழல்கள் உயிரணுவைப் பெருகவிடாமல் கொன்றுவிடும் என்று அவள் சொல்லப் போன அன்று, அவர் போனில் மருமகனின் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

அடுத்த வாரம் அவரே மூக்கைப் பொத்திக்கொண்டு கறிக்கடைக்கு வந்தார். "சந்தனமாரி, அந்தப் புரதம் கொஞ்சம் மிச்சமிருந்தாக் குடும்மா. அடுத்த கட்டுரையில ஒம் பேர முதல்ல போடுதேன்."

ஐஸ் பெட்டியின் அடியில் வைத்திருந்த குப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

"எவ்வளவு ஊத்தணும்?"

ஒரு வாக்கியம்தான், சொல்லிவிடலாம். சொல்லவிடாமல் தடுப்பது எது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே அதன் பக்கம் நின்றாள்.

"பூராவும் ஊத்துங்க சார்."

சாரம் கரையாமல் நின்றது. பூச்சு முடிந்து பால் காய்ச்சினார்கள். பிறகு கழற்ற வந்தவர்களின் அரிவாள்கள் மழுங்கின. வெயில் ஏற ஏற மூங்கில்கள் வளர்ந்தன. ஐப்பசி மழையிலும் கரையவில்லை. சன்னல்களுக்குள் புகுந்து, வாசலுக்குக் குறுக்கே பின்னிக்கொண்டு, பேராசிரியரை உள்ளேயே அடைத்துவிட்டன. தம்பி வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி பாலாம்பாளுக்குத் திரும்பி நுழைய இடுக்கு இல்லை. பால் பாக்கெட் மட்டும் நுழைந்தது. கூடுதல் உயரத்துக்கு மாநகராட்சி வரி போட்டது.

கோபம் இத்தோடு தீரும் என்று சந்தனமாரி எதிர்பார்த்தாள். தீரவில்லை. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது இடுக்கு வழியாக அவர் கூப்பிட்டார்.

"சந்தனமாரி, இது எப்பக் கரையும்?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்கதான கண்டுபிடிச்சீங்க."

டவுன் பஸ் கண்டக்டர்கள் இப்போது அந்த நிறுத்தத்தை மூங்கில் வீடு என்றே கூவுகிறார்கள்.