சொர்ணலதா ஊற்ற வேண்டிய பால்

வாசலில் தம்பி விஜய்ராஜ் ஏணியில் நின்று கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொர்ணலதா ஆட்டோவை விட்டு இறங்கினாள். உள்ளே அப்பா பலவேசம் இன்னும் சாகவில்லை.

'அனுமந்தன்பட்டியின் காவல் தெய்வம்' என்று போட்டிருந்தது. தெய்வமாம்! வியாபாரிகள் சங்கத்தில் தன்னை எதிர்த்து ஒரு கை உயர விடாத மனுஷன். துணிந்து உயர்த்தியது அவள் புருஷன் முத்துக்குமரன் ஒருத்தன்தான். மருமகன் என்றும் பார்க்கவில்லை, அடுத்த வாரமே அவன் வாய்க்காலில் மிதந்தான். குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்றார் பலவேசம். ஊரும் வெட்கமில்லாமல் தலையாட்டியது. மகளை மாடியில் பூட்டிவைத்துவிட்டு அவரே முன்னால் நின்று பிணத்தை எரித்தார். புருஷன் வாயில் ஒரு பிடி அரிசி போடக்கூட அவளை விடவில்லை. கதவு திறந்த அன்றைக்கு ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறியவள், இன்றைக்குத்தான் திரும்பி வருகிறாள்.

"வந்துட்டியாக்கா! அப்பா ஒரு வாரமா இழுத்துக்கிட்டுக் கெடக்காக. எல்லாரும் பால் ஊத்தியாச்சு. ஒன் கைப்பாலுக்குத்தான் காத்திருக்காக."

"ஓ, என் கைப்பாலு கேக்குதாக்கும்!"

உள்ளே அத்தை சோணையம்மாள் டம்ளரையும் கரண்டியையும் அவள் கையில் திணித்தாள்.

"பழச மனசுல வைக்காத, ஆத்தா. மககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் எங்கண்ணன் உசுரப் பிடிச்சு வச்சிருக்காக. ஒரு கரண்டி ஊத்து, நிம்மதியாப் போயிரட்டும்."

சொர்ணலதா குனிந்தாள். அந்தக் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் ஊற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

பலவேசம் கண் திறந்தார். மகளைப் பார்த்தார். பாலைப் பார்த்தார். பிறகு, சங்கத்துக் கணக்குப்பிள்ளையை விரட்டுவாரே, அதே மாதிரி புருவத்தை உயர்த்தினார். என்ன நிற்கிறாய், சீக்கிரம் ஊற்று என்று அர்த்தம்.

சீ என்றிருந்தது அவளுக்கு. இந்த அற்பத்துக்குப் பயந்தா இத்தனை வருஷம் ஊர்ப்பக்கம் வராமல் கிடந்தோம்!

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து முழுப் பாலையும் குடித்தாள்.

"அடிப்பாவி மகளே!"

"சீனி போடலையா, அத்தை?"

பின்கட்டுக்குப் போய் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே "போயிட்டாகளே, எங்கண்ணன் போயிட்டாகளே" என்று அத்தை குரலெடுத்தாள்.

சொர்ணலதா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.