சாய்ந்த பக்கம்

வலது தோள் விடிந்ததிலிருந்தே வலித்தது. நாற்பத்தொரு வருடம் மூட்டை உட்கார்ந்த தோள். முந்தின நாள் ஒன்பது மணி நேரம் வேனில் வந்ததில் வலி கழுத்துவரை ஏறி, விடுதி அறையில் சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. என் வீட்டுக்காரிதான் கையைப் பிடித்து நுழைத்துவிட்டாள்.

"இன்னைக்கு ஏரிக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்றாள் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

அவளுக்குத் தண்ணீர் ஆகாது. வீட்டில் தொட்டி நிரம்பி வழியும் சத்தத்துக்கே முகம் வெளுத்துவிடும். அவள் அக்கா ஒருத்தி பத்து வயதில் குளத்தில் மூழ்கிப் போனவள். அதைப் பற்றி இவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவள் தம்பி, நாங்கள் குட்டை என்று கூப்பிடுபவன், சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நான் இருக்கேன்ல. கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காரு. விட மாட்டேன்."

"விட மாட்டீங்கள்ல?"

"எத்தனை தடவை கேப்ப?"

நாங்கள் ஐந்து பேர் வந்திருந்தோம். நான், வீட்டுக்காரி, குட்டை, மேஸ்திரி, மேஸ்திரியின் மனைவி. ஆண்கள் மூன்று பேரும் ஒரே கிடங்கில் ஒரே குழுவில் சுமை தூக்கியவர்கள். மேஸ்திரி எங்கள் தலைவர், எழுபத்திரண்டு வயது. குட்டை கடைசியாகச் சேர்ந்தவன், அவனுக்கே அறுபத்திமூன்று. எனக்கு அங்கே வைத்த பேர் எடைக்கல். மூட்டையைப் பார்த்தாலே எடை சொல்லிவிடுவேன். ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். மேஸ்திரியின் மனைவியை நான் அண்ணி என்பேன். நாங்கள் தூக்கிய காலமெல்லாம் அவர் சந்தையில் தராசு பிடித்துக் காய்கறி விற்றார். சேர்ந்து ஒரு ஊருக்கு ஊர்சுற்றப் போனதில்லை. வேலை விட்ட பிறகு என் மகள்தான் பிடித்துத் தள்ளி அனுப்பிவைத்தாள்.

ஏரிக்கு இறங்கும் படிகளில் மேஸ்திரியின் பையையும் குட்டையே தூக்கி வந்தான்.

"ஏன்டா, உனக்கு என்ன தலையெழுத்து?" என்றேன்.

"சர்க்கரை மூட்டை சரிஞ்சப்ப காலைப் பிடிச்சு இழுத்துப் போட்டாரே மாமா. அந்தக் கடன்."

"அது மறுநாளே கழிஞ்சுபோச்சேடா. இருபது வருசம் ஆச்சு."

"வட்டி இருக்குல்ல," என்றான்.

எங்கள் குழுவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சரியும் அடுக்குக்கு அடியிலிருந்து ஒருவனை இன்னொருவன் இழுத்துப் போட்டால், பிழைத்தவன் மறுநாள் தன் சுமையோடு அவன் சுமையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். காப்பாற்றியவன் ஓரமாக உட்கார்ந்து பீடி குடிப்பான். நன்றி என்று வாயால் சொல்வது கிடையாது. சொன்னால் சிரிப்பார்கள்.

படகு சின்னது. இரண்டு பக்கமும் நீளமாகப் பலகை, மேலே நாலு கம்பத்தில் தகரக் கூரை, பின்னால் இயந்திரம். 'எட்டுப் பேர் மட்டும்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. நடுவிலிருந்து முன்பக்கம்வரை சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள், பக்கத்தில் இரண்டு எரிவாயு சிலிண்டர்.

"தீவுல கக்கூஸ் கட்டுறாங்க. உங்களை இறக்கிட்டு அதையும் இறக்கிடுவேன்," என்றான் படகுக்காரன். நாற்பது வயது இருக்கும். எங்கள் முகத்தைப் பார்க்காமலே கயிற்றை அவிழ்த்தான்.

குட்டை உச்சுக்கொட்டினான். "பாருங்க மாமா, ஒண்ணுமேல ஒண்ணு நேரா வச்சிருக்கான். குறுக்கும் நெடுக்குமாப் பின்னி அடுக்கலை."

நான் அடுக்கைப் பார்க்கவில்லை, எடையைப் பார்த்தேன். பதினாலு மூட்டை, எழுநூறு கிலோ. சிலிண்டர் அறுபது. படகுக்காரனோடு ஆறு ஆள், நானூற்று முப்பது. கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு. எட்டுப் பேர் என்றால் அறுநூறு. இரட்டைப் பாரம். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது, நாங்கள் இன்னும் ஏறவே இல்லை.

இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன். அதே கணக்குதான்.

"என்னடா எடைக்கல்லு, தாங்குமா?" என்றார் மேஸ்திரி.

நாலு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாரம் பற்றி நான் சொன்னால் எங்கள் குழுவில் மறுபேச்சு கிடையாது. தாங்காது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்காரி ஏற்கெனவே ஒரு காலைப் பின்னால் வைத்திருந்தாள். அவளிடம் அத்தனை வீறாப்பாகப் பேசிவிட்டு, லட்சம் மூட்டைக்கு அஞ்சாதவன் தண்ணீரைப் பார்த்து அஞ்சினான் என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வரவேண்டும். அதற்காக வாய் வேறு பக்கம் போனது.

"அண்ணி ஒருத்தரைக் கரையில விட்டுட்டா தாராளமாத் தாங்கும். தொண்ணூத்தெட்டு கிலோ."

குட்டை சிரித்தான். மேஸ்திரி சிரித்தார். என் வீட்டுக்காரிகூட வாயைப் பொத்தினாள். அந்தச் சிரிப்போடு எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "நீ தூக்கிப் பாத்தியாக்கும்," என்று சொல்லி, இடது பலகையில் கம்பத்தை ஒட்டி உட்கார்ந்தார்.

நானும் வீட்டுக்காரியும் அதே பலகையில் பின்பக்கம், மேஸ்திரியும் குட்டையும் கடைசியில் இயந்திரத்தை ஒட்டி. கூரையில் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டைகள் தொங்கின. ஒன்றுக்கும் கொக்கி இல்லை. குட்டை ஒன்றை எடுத்து அக்காளுக்குப் போட்டுத் தன் துண்டால் இறுக்கிக் கட்டினான். "எங்களுக்கு எதுக்குடா?" என்று மேஸ்திரி தனக்கு நீட்டியதைத் தள்ளிவிட்டார். நானும் தள்ளிவிட்டேன்.

படகு நகர்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல். நான் அந்த நாலு விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மலை, மரம், பறவை என்று குட்டை எதையெதையோ காட்டினான். ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. வீட்டுக்காரி என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"ஏங்க, உங்க கை ஏன் சில்லுனு இருக்கு?"

"காத்து," என்றேன்.

படகைத் திருப்பச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. இப்போது சொன்னால், அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடம். கரை தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. இனி திரும்பினாலும் போனாலும் ஒரே தூரம்.

எதிரே பெரிய படகு ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அதில் இருந்தவர்கள் கையசைத்தார்கள். குட்டையும் அசைத்தான். அது கடந்த பிறகு அதன் அலை வந்தது. படகுக்காரன் அலைக்கு முகம் கொடுக்கத் திருப்பினான். படகு ஒரு பக்கம் படுத்து எழுந்தது. மறுபடி படுத்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. காகிதப் பை காகிதப் பைமேல் வழுக்கும் சத்தம். உறக்கத்தில் கேட்டாலும் எங்களுக்குத் தெரியும்.

அடுக்கு வலப் பக்கம் சரிந்தது.

நான் எழுந்ததை நான் அறியவில்லை. மேஸ்திரியும் அறிந்திருக்க மாட்டார். அடுக்கு சாய்ந்தால் சாய்ந்த பக்கம் ஓடித் தோள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் யாராவது நிற்பான், விட்டால் செத்தான். அதை யோசித்துச் செய்பவன் எங்கள் வேலையில் பிழைக்க முடியாது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் வலப் பக்கம் பாய்ந்து தோளைக் கொடுத்தோம். சிமெண்ட் மூட்டை என் வலித்த தோளில் வந்து உட்கார்ந்தது.

அந்தப் பக்கம் யாரும் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

இருநூறு கிலோ ஆள் எடை சாய்ந்த பக்கமே போய்ச் சேர்ந்தது. விளிம்பு தண்ணீருக்குள் இறங்கியது. ஏரி சத்தமில்லாமல் உள்ளே வந்தது, முழங்கால்வரை. சில்லென்று இருந்தது. படகுக்காரன் கத்தினான், என்ன கத்தினான் என்று காதில் விழவில்லை.

"விடுங்கடா! மூட்டையை விடுங்க!"

அண்ணியின் குரல். சந்தையில் நாலு கடை தாண்டிக் கேட்கும் குரல்.

"தராசுல இறங்கின தட்டுல போய் எவனாவது நிப்பானா? விட்டுட்டு இந்தப் பக்கம் ஏறுங்கடா!"

மேஸ்திரி முதலில் விட்டார். நாற்பது வருடத்தில் அவர் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நான் பார்த்தது அதுதான். குட்டையும் விட்டுத் தவழ்ந்து ஏறினான். என்னால் முடியவில்லை. மூளை விடு என்றது, தோள் விடவில்லை. அவர்கள் விட்ட பாரமும் என்மேல் வந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"தம்பி," என்றார் அண்ணி. இந்த முறை கத்தவில்லை. "இங்க பாரு. உன் பெண்டாட்டியைப் பாரு."

அப்போதுதான் என் மணிக்கட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தது.

அவள் பலகையில் இல்லை. படகின் தரையில் வழுக்கி, மார்புவரை தண்ணீரில் கிடந்தாள். முகம் மட்டும் மேலே. கண் என்மேல் இருந்தது. அண்ணி ஒரு கையால் அவள் மிதவைச் சட்டையில் கட்டிய துண்டைப் பற்றியிருந்தார். மறு கையால் கூரைக் கம்பத்தைச் சுற்றிப் பிடித்து, முதுகை இடப் பக்கம் படகுக்கு வெளியே சாய்த்து, மொத்த உடம்பையும் காற்றில் தொங்கவிட்டிருந்தார். கம்பம் வளைந்திருந்தது. அந்த உடம்பு ஒன்றுதான் படகைக் கவிழாமல் பிடித்திருந்தது.

தோளை உருவினேன். ஆறேழு மூட்டை விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தன. கொஞ்ச நேரம் குமிழி வந்தது, பிறகு அதுவும் நின்றது. படகு மெதுவாக, யோசித்து யோசித்து, நிமிர்ந்தது.

அதோடு பயம் போகவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது. பாதிப் படகு தண்ணீர். படகுக்காரன் வாளியால் இறைத்தான். நாங்கள் பிஸ்கட் டப்பா, செருப்பு, கை, கிடைத்ததால் இறைத்தோம். யாராவது இருமினால்கூடப் படகு ஆடியது. சின்ன அலை வரும்போதெல்லாம் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். வீட்டுக்காரி அழவில்லை, பல் மட்டும் அடித்துக்கொண்டது. அண்ணியின் மடியில் தலை வைத்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் பக்கத்தில் போய் என் கையை நீட்டினேன். அவள் பார்த்தாள். அண்ணியின் கையை விடவில்லை.

அரை மணி கழித்து அந்தப் பாட்டுப் படகுதான் திரும்பி வந்து கயிறு போட்டு இழுத்தது. பாட்டை நிறுத்தியிருந்தார்கள்.

கரையில் இறங்கியதும் குட்டை படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "கக்கூஸ் கட்டப் போன சிமெண்ட்டுல எங்களுக்குச் சமாதி கட்டப் பாத்தியேடா," என்று படகுக்காரனிடம் சொன்னான். அவன் மிச்சமிருந்த மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

"மேஸ்திரி," என்றேன். "பாரம் அதிகம்னு எனக்கு ஏறும்போதே தெரியும்."

அவர் வேட்டியைப் பிழிவதை நிறுத்தினார். "எவ்வளவு அதிகம்?"

"இரட்டை."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திரும்பி, அண்ணியின் ஈரப் பையை எடுக்கக் குனிந்தார். நான் முந்திக்கொண்டு அதைப் பிடித்தேன்.

"என் முறை," என்றேன்.

அண்ணிக்கு எங்கள் வழக்கம் தெரியும். பையின் மறு காதை அவர் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் கம்பம் அறுத்த தடம் சிவப்பாக இருந்தது.

"எண்பத்தொம்பது," என்றார்.

"என்ன அண்ணி?"

"தொண்ணூத்தெட்டு இல்லை. எண்பத்தொம்பது. போன மாசம் ஆஸ்பத்திரி மெஷின்ல பாத்தது. உனக்குக் கண்ணும் போச்சு." பையைப் பிடுங்கித் தானே தோளில் மாட்டிக்கொண்டார். "இந்தத் தோளை வச்சுக்கிட்டு நீ என் சுமையைத் தூக்க வேண்டாம். முதல்ல அவகிட்ட போய் என்ன சொல்லப்போறேன்னு யோசி."

வேனில் பெண்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அறைக்கு வந்ததும் என் கை காலையைவிட மோசமாக இருந்தது. வீட்டுக்காரிதான் பொத்தானைக் கழற்றி, ஈரச் சட்டையை உருவினாள். தோளில் மூட்டையின் மூலை பதிந்து கறுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டையைத்தான் பிடிச்சீங்க," என்றாள்.

சட்டையை அலசப் போய்விட்டாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னும் வாயில் வரவில்லை. அது கடன் கணக்கில் வருமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த கணக்கு ஒன்றுதான். அண்ணிக்கு நான் ஒரு நாள் சுமை பாக்கி.