பாறையில் ஒட்டிய நூல்

கரியாலூர் போகிற மலைப்பாதையில், ஓடைக்கு மேலே கட்டிய புதுப் பாலத்துக்குத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. விழா நல்லபடி நடந்தால், பாலத்தைக் கட்டிய உதவி செயற்பொறியாளர் நாராயணசாமிக்குக் கள்ளக்குறிச்சியில் செயற்பொறியாளர் நாற்காலி. மனுஷர் அதில் மனசாலேயே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

அதில் மண்ணள்ளிப் போட வந்தவள், பாலத்தின் பலத்தைச் சோதிக்கிற சென்னைக் கம்பெனிப் பெண் ரம்யா. பாலத்தின் உத்திரத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி நூலை ஒட்டினாள். நூலுக்குள் ஒளி ஓடும். பாலம் அதிர்ந்தால் நூல் இழுபடும், ஒளி மாறும், லேப்டாப் திரையில் கோடு துள்ளும். பச்சைக்குள் துள்ளினால் பாலம் சுகம், சிவப்பைத் தொட்டால் ஆபத்து. சோதனைக்கு ஒரு காலி டிராக்டரை ஓட்டிப் பார்த்தார்கள். கோடு சிவப்பையும் தாண்டிப் போய்விட்டது.

"சார், பாலத்துல கோளாறு இருக்கு. விழாவத் தள்ளி வைங்க" என்றாள் ரம்யா.

நாராயணசாமி லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். பாலத்தில் கோளாறு இருக்கலாம், அதெல்லாம் ஊர் உலகத்தில் நடப்பதுதான். அதைத் திரை போட்டுக் காட்டுவார்களா, படுபாவிகள்!

"நூல எடுத்து கரையில இருக்குற பாறையில ஒட்டும்மா."

"பாறை எப்படி சார் அதிரும்?"

"அதிராதுல்ல? அதான் வேணும். எங்க ஒட்டிக்கினு இருக்குதுன்னு உன் பொட்டிக்கு இன்னா தெரியும்?"

ரம்யா முறைத்தாள். ஆனால் வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். வாயை மூடிக்கொண்டு ஒட்டினாள்.

விழாவுக்குத் தலைமைப் பொறியாளரே வந்தார். பாலத்தின் மேல் நின்று மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். திரையில் கோடு செத்தவன் நாடி மாதிரி கிடந்தது. தலைமைப் பொறியாளர் பூரித்துப்போனார்.

"அசையுதா பாருங்க! முதல் வண்டி இதுதான். நம்ம நாராயணசாமியே முன்னால உட்கார்ந்து போவார்" என்று, மூட்டை மூட்டையாய் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி நின்ற லாரியைக் காட்டினார்.

மாலை போட்டு ஏற்றிவிட்டார்கள். மாலை மரியாதைக்கா, இல்லை சாவுக்கு முன்கூட்டியே போட்டதா என்று நாராயணசாமிக்கே சந்தேகம். டிரைவர் கண்ணாயிரம் இன்ஜினைக் கிளப்பினார். காலி டிராக்டருக்குத் துள்ளிய கோடு நாராயணசாமியின் கண்ணுக்குள் துள்ளியது. நாற்காலியாவது மண்ணாங்கட்டியாவது! குதித்து இறங்கி, லாரியை ஒட்டி நின்ற தலைமைப் பொறியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மன்னிக்கணுங்க. நூல் பாலத்துல இல்லீங்க. பாறையில ஒட்டியிருக்குது. பாலம் தாங்காதுங்க."

தலைமைப் பொறியாளர் எதிரே இருந்த கேமராக்களைப் பார்த்தார். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது.

"இதுக்கு மேல ஒரு வார்த்த பேசாதீங்க" என்றார் மெல்ல. "நீங்க இறங்கிட்டீங்கல்ல? லாரி போகட்டும்."

நாராயணசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? மாலையைக் கழற்றி, ஜன்னல் வழியாகக் கண்ணாயிரத்தின் கழுத்தில் போட்டார்.

"நீ போய்க்கினே இரு கண்ணாயிரம். மெதுவா போ, ஒண்ணும் ஆவாது."

கண்ணாயிரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இன்ஜினை அணைத்தார். மாலையோடு இறங்கி வந்து, இருவருக்கும் நடுவில் சாவியை நீட்டினார்.

"ஒண்ணும் ஆவாதுன்னா நீங்க ரெண்டு பேரும் ஓட்டிக்கினு போய்ட்டு வாங்க சார். நான் இங்கயே நின்னு பாத்துக்கினு இருக்கறேன்."

சாவியை வாங்க இருவருமே கை நீட்டவில்லை.