சிவப்பு மஃப்ளருக்குள் ஒரு பச்சைத் தொண்டை

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தோல்வியைப் பற்றிப் பயமே கிடையாது. தோல்வியைத் தின்று வளர்ந்த உடம்பு அது. அவருடைய பச்சை அணி தோற்ற ஆட்டங்களைச் செங்கல்லாக அடுக்கினால் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, மிச்சத்தில் ஒரு மாடியும் கட்டிவிடலாம். அவர் பயந்தது வேறொன்றுக்கு. பச்சை அணி கோல் போட்டுத் தொலைத்தால் என்ன செய்வது?

வெளியூர் ஆட்டம். தோற்றால் பச்சை அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். சமன் செய்தால் போதும், தப்பிக்கும். பச்சை ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய டிக்கெட்டெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோயின. எஞ்சிய ஒரே வழி மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அந்த ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். அவன் தயவில் இடம் கிடைத்தது, சிவப்பு அணியின் கேலரியில், நட்டநடுவில்.

"வாங்க அத்தான், வேண்டாங்கல. ஆனா வாயத் தொறக்கக் கூடாது," என்று போனிலேயே எச்சரித்தான் மச்சான். "கேலரி பூரா என் கஸ்டமருங்க. நீங்க ஆட்டம் முடிஞ்சதும் பஸ் ஏறிடுவீங்க. நாளைக்கு அவங்க கழுத்துல கத்தி வைக்கிறவன் நான்."

"கத்தி உன் கையில. அப்புறம் உனக்கு என்னடா பயம்?"

"கழுத்தக் காட்ட ஆள் வரணுமே அத்தான்!"

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. மெக்கானிக்கின் தொண்டை அப்பேர்ப்பட்டது. ஒருமுறை லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பை ரேடியோவில் பச்சை அணி கோல் போட்டது. அவர் போட்ட கூச்சலில் வடம் அறுந்துவிட்டதென்று ஒன்பது மாடியும் காலியானது. ஊன்றுகோலோடு வந்திருந்த ஒருவர் அதை வீசிவிட்டு எல்லோருக்கும் முன்னால் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். இன்னொரு முறை துக்க வீடு. அன்று பிணமே ஒருக்களித்துப் படுத்ததாக இன்றுவரை பேச்சு.

அதனால் மனைவி பயிற்சியில் இறங்கினாள். அவர் பல் தேய்க்கும்போது, செருப்பு மாட்டும்போது, தூங்கும்போது, காதருகே வந்து "கோல்!" என்று அலறுவாள். முதலில் கூரை வரை எகிறியவர், போகப்போகச் சத்தத்தை மாத்திரை மாதிரி விழுங்கப் பழகினார். "தேறிட்டீங்க. உங்களப் பாத்தா நம்ம சுவரே வாயாடி," என்று வழியனுப்பினாள்.

மைதானத்தில் மச்சானே அவர் கழுத்தில் சிவப்பு மஃப்ளரைச் சுற்றிவிட்டான். சுற்றிலும் சிவப்பு. எதிர்மூலையில், கடலோரப் பாசி போலத் துளியூண்டு பச்சை. அவருக்கு வலப்பக்கம் ஒரு மலை உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கையும் துடுப்பு. அந்தக் கை ஒருமுறை விழுந்தால் தன்னைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. கடவுளே, ரெண்டு பக்கமும் கோல் விழவே வேண்டாம் என்று வேண்டினார். வாழ்நாளில் இப்படியொரு வேண்டுதல் அவர் வாயில் வந்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கி பச்சை அணியின் பெயர்களைப் படிக்கத் தொடங்கியது. முதல் பெயருக்கே கேலரி மொத்தமும் "ஊ...ஊ..." என்று ஊளையிட்டது. மெக்கானிக் பயின்றபடி கப்சிப். இரண்டாவது பெயர். ஊளை. கப்சிப்.

மலை மெல்லத் திரும்பியது. "என்ன சார், நமக்கு வாய் இல்லியா?"

மெக்கானிக் மச்சானைப் பார்த்தார். வாயை மூடத்தான் பழகியிருந்தார். திறக்க யாருமே பழக்கவில்லை. மச்சான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஊளையிட்டுக்கொண்டே முழங்கையால் இடித்தான்: "ஊளை விடுங்க அத்தான், குடும்பத்தக் காப்பாத்துங்க!"

அடுத்த பெயர் கோல்கீப்பருடையது. விரல் ஒடிந்த கையோடு நின்று, அணியைப் போன வருஷம் காப்பாற்றிய பிள்ளை. அவனைப் பார்த்தா ஊளையிடுவது? மெக்கானிக் வாயைக் குவித்தார். காற்றுகூட வரவில்லை. மலை அவர் பக்கம் இன்னும் சாய்ந்தது. சட்டென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

"பல்வலி சார்... உயிர் போகுது."

மலையின் முகம் மலர்ந்தது. மச்சானின் முகம் வெளுத்தது. "உலகத்துல வேற வலியே கெடைக்கலியா?" என்று காதில் சீறினான். "அவரு பல் டாக்டரு!"

"எங்க, ஆ காட்டுங்க," என்றார் டாக்டர்.

வாயே திறக்கக் கூடாதென்று வந்த மனிதர், ஊரே பார்க்க வாயைப் பிளந்தார். டாக்டர் போன் விளக்கை அடித்தார். முன்வரிசைக்காரர்கள் இருவர் திரும்பி, உதவிக்குத் தங்கள் விளக்குகளையும் பிடித்தார்கள். பேனா மூடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டல். "இதா? இதா?" எதுவுமே வலிக்கவில்லை. அகப்பட்டுக்கொண்டோம் என்று கண்ணை மூடினார். கடைசிக் கடைவாய்ப்பல்லில் ஒரு தட்டு.

"ஐயோ!"

"சொத்த. கெணறு மாதிரி இருக்கு. எப்படி சார் இவ்வளவு நேரம் பொறுத்தீங்க?" டாக்டர் உருகிப்போனார். மஃப்ளரை உருவி, தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். "வலி வந்தா அடக்காதீங்க. நல்லாக் கத்திடுங்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்."

நடுவர் விசில் ஊதினார். பச்சை அணியின் முன்கள வீரன் பந்தோடு இடது ஓரமாகப் பறந்தான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனையும் தாண்டினான். கேலரி பதறி எழுந்தது. மச்சான் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

மெக்கானிக் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலி வரட்டும் என்று காத்திருந்தார்.